பாறு நடை

நவ்சாரியில், ரயில் பாதைக்கு அந்தப்புறம்
குப்புறப் படுத்திருக்கிறார் பெஸோன்ஜி.
இடுப்பின்மேல் உளுந்துமாவால் வரப்பு கட்டி
இளஞ்சூட்டு எண்ணெயை ஊற்றுகிறாள் ஹன்ஸா.
ஆறியதைப் பஞ்சில் ஒற்றி எடுத்து
மறுபடி சூடாக.

முதல் நாளே பெயர் சொல்லிவிட்டாள்: கிருத்ரசி.
பாறு தரையில் நடப்பதுபோல்
நடக்க வைக்கும் நோய்.
பெஸோன்ஜி சிரித்தார்; சிரித்ததும்
பிட்டத்திலிருந்து சுண்டுவிரல்வரை
ஒரு கம்பி சுண்டி இழுத்தது.

"எங்கள் ஆட்களுக்குப் பாறு வேண்டும், ஹன்ஸாபென்,
செத்த பிறகு.
இப்போது வானத்தில் ஒன்றுகூட இல்லை.
மாட்டுக்குப் போட்ட வலிமருந்து
செத்த மாட்டைத் தின்ற பறவையைத்
தின்றுவிட்டது.
அதே மருந்தைத்தான்
டாக்ஸி ஓட்டிய கடைசி இரண்டு வருஷமும்
டீயோடு விழுங்கினேன்."

எண்ணெய் ஆறிவிட்டது.
அவள் கவனிக்கவில்லை.

பதினாறாம் நாள்
புஜங்காசனத்தில் மார்பு ஒரு சாண் எழும்பியது.
பிறகு எழுந்து ஜன்னல்வரை போனார்.
இடது கால் இன்னும் கொஞ்சம் தத்துகிறது.
வெளியே வெறும் மேகம்.

"ஊரில் மிச்சமிருக்கும் பாறு
நான்தான் போலிருக்கிறது."

"தரையெல்லாம் எண்ணெய்," என்றாள் ஹன்ஸா,
"பார்த்து நடங்கள்."