காம்பஸ் துளைகள்

படிவத்தில் பதினாறு கேள்விகள்.
ஒன்பதாம் வகுப்பு, வடிவியல்.
'மாணவர் கற்றலுக்கு நூல் துணைபுரிகிறதா?
ஒன்று முதல் ஐந்து வரை
பொருந்தும் எண்ணை வட்டமிடுக.'
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

புதுப் புத்தகத்தை மேசையில் வைத்து
இரண்டு நாள் பார்த்தேன்.
குறை சொல்ல வரவில்லை.
வழவழப்பான தாள், மூன்று நிறத்தில் கோடுகள்,
தேற்றத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு நிழல்.
கல்யாண மண்டப வாசலில்
கும்பிட்டு நிற்கும் பொம்மை மாதிரி
எல்லாரையும் வரவேற்கும்,
யாரையும் தெரியாது.

மூன்றாம் நாள் உசிலம்பட்டி பஸ்.
ஜன்னலில் நாகமலை
விரிகோண முக்கோணமாய்ப் படுத்துக் கிடந்தது.
வால் முனையிலிருந்து எதிர்ச்சரிவுக்குக்
குத்துயரம் போட்டால்
அது மலைமேல் விழாது.
உச்சியைத் தாண்டி
வெறும் வானத்தில் போய் நிற்கும்.
புத்தகத்து முக்கோணங்களை எண்ணினேன், இருபத்திரண்டு.
எல்லாமே அடிப்பக்கத்தைத் தரையில் ஊன்றி
போட்டோவுக்கு உட்கார்ந்தவை.
ஒன்றுகூடச் சாயவில்லை.

ஜெசிந்தா டீச்சர் ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார்.
போன வருசத்துப் பிள்ளைகள் விட்டுப்போனவை
சிமென்ட் சாக்கில், நாற்பத்தொன்று.
"பழசை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?"
"புதுசு வாயத் திறக்க மாட்டேங்குது டீச்சர்."

பழசு பேசியது.
நிறுவல் பக்கமெல்லாம் சிவப்பு மை,
அஞ்சு மார்க், அஞ்சு மார்க்.
விடைகள் இருக்கும் கடைசித் தாள்கள்
வடை மடித்த காகிதம்போல் கசங்கியிருந்தன.
'சிந்திக்க' என்ற கட்டத்தில்
எச்சில் விரல்கூடப் படவில்லை.
ஒருவன் முக்கோணத்துக்கு மீசை வைத்திருந்தான்.
அதையும் குறித்துக்கொண்டேன்:
அவனாவது அதன் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

பிறகு ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்தேன்.
காம்பஸ் முள் ஊன்றியிருந்தால்
தாள் காட்டிக்கொடுத்துவிடும்.
முப்பத்தேழில் ஒரு துளையும் இல்லை.
மூன்றில், குத்தச் சொன்ன இடத்தில் ஒரு குத்து.
கடைசிப் புத்தகம்,
லேபிளில் வி. காசிமாயன், ஒன்பது ஈ,
சுற்றுவட்டப் பக்கத்தில்
வெளிச்சம் பதினோரு இடத்தில் ஒழுகியது.

முதல் துளை, நடு என்று கண் நினைக்கும் இடம்.
அங்கிருந்து போட்ட வட்டம்
ஒரு முனையைத் தொட்டு
மற்ற இரண்டை விட்டுவிட்டது.
இரண்டாவது கொஞ்சம் கீழே.
மூன்றாவதில் அவசரம்.
ஐந்தாவதில் முள் வழுக்கித் தாள் கீறியிருக்கிறது.
ஏழிலிருந்து என்னவோ பிடிபடுகிறது அவனுக்கு.
துளைகள் ஒரே கோட்டில் நகர்கின்றன,
இரண்டு முனைகளுக்கும் சமதூரம் பிசகாமல்,
மூன்றாவதைத் தேடிக்கொண்டு.
மையக்குத்துக்கோடு என்று
எதிர்ப்பக்கத்தில் பெட்டிக்குள் இருப்பதை
வாசித்தானோ என்னவோ,
அதன் மேல் நடந்திருக்கிறான்.
பதினோராவது, என் ஸ்கேலுக்கு,
மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர்.
அங்கே நின்றுவிட்டது.
மணி அடித்திருக்கும்.

"காசிமாயனா? பார்டர்ல பாஸ் சார்.
அந்தக் கணக்க பரீட்சையில சாய்ஸ்ல விட்டுட்டான்."

திரும்பும் பஸ்ஸில் படிவம் மடியில்.
இந்தப் பதினொன்றை
நூலின் வரவில் எழுதுவதா, பற்றிலா?
குத்திப் பார்க்கத் தூண்டிய படம் அதனுடையது.
பத்துத் தடவை அவன் தவறியபோது
பக்கத்திலேயே இருந்து
ஒன்றும் கேட்காமல் இருந்ததும் அதுதான்.

செக்கானூரணியில் நின்ற நேரத்தில் பேனாவை ஊன்றினேன்.
டிரைவர் கிளம்பிவிட்டார்.
வட்டம் இரண்டை வளைத்து
மூன்றின் வாலையும் பிடித்துக்கொண்டது.
அடிக்கவில்லை.

பிற குறிப்புகள் என்ற இடத்தில் எழுதினேன்:
சில முக்கோணங்களையாவது சாய்த்துப் போடவும்.
ஓரத்தில் இன்னும் இடம் விடவும்.
தாளின் வழவழப்பைக் குறைக்கவும்,
முள் வழுக்குகிறது.