நூற்றுக்கு எத்தனை

ரெய்க்யவிக்கிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி
ஆளுக்கொரு தாள் கொடுத்தாள்.
"இந்த மொழியில் ஒரு பக்கக் கடிதம்
என்னால் எழுத முடியும்."
எத்தனை நம்பிக்கை என்று
பூஜ்யத்திலிருந்து நூறுவரை
பத்துப் பத்தாக எண்கள்.
ஒன்றை வட்டமிட வேண்டும்.
பெயர் வேண்டாமாம்.

ஒராவன் யோசிக்கவே இல்லை, எண்பது.
போன மாதம்தான் அவள்
பழைய வீட்டுக்காரருக்கு எழுதி
முன்பணத்தைத் திரும்ப வாங்கினாள்.
மூன்றே வரி. எனக்குக் காட்டினாள்.
இரண்டு வரியில் பிழை.
பணம் முழுசாக வந்தது.
அன்றிரவு என் எண்ணும்
கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும்.
அவளிடம் சொல்லவில்லை.

விய்தாஸ் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.
எட்டு வயதில், லித்துவேனியாவில்,
கோழி கிளறின மாதிரி எழுத்து என்று
வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்களாம்.
சொந்த மொழியில் வாங்கிய அடி.
விமானம் ஏறி
இந்த மொழிக்கும் கூடவே வந்திருக்கிறது.

என் போலிஷில் ஏழு வேற்றுமை.
ஏழும் தூக்கத்தில் வரும்.
இங்கே நாலுதான்.
ஏழு படியில் ஓடி விளையாடியவள்
நாலு படியில் தடுக்கி விழுகிறேன்.
ஐந்தாம் வேற்றுமை நான்தான் என்று
மீன் ஆலையில் ஒருமுறை சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
வாக்கியம் தப்பாக இருந்திருக்கும்.

ஸ்டேனுன் டீச்சர் சிவப்பு மை தொடமாட்டாள்.
பென்சிலால் "அருமை" என்று எழுதுவாள்,
எல்லார் தாளிலும்.
அதனால்தான் என் தாளில்
அதற்கு எடை இல்லை.

எட்டு மணி நேரம் பனியில் மீன் அறுத்துவிட்டு
வகுப்புக்கு வருகிறேன்.
பேனா நழுவும்.
விரல் மரத்துப்போனதை
மூளை மரத்துப்போனதாக எடுத்துக்கொள்வேன்.
எத்தனை மாலைகள் அப்படிப் போயினவோ.

நவம்பரில் ஒரு நாள்
எங்கள் கட்டிடத்துச் சலவை அறையில்
கணுக்கால்வரை தண்ணீர்.
சொல்ல ஆளில்லை.
மீன்பெட்டி லேபிளின் பின்பக்கம் எழுதினேன்:
இடது இயந்திரத்திலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது,
பயன்படுத்தாதீர்கள்.
கதவில் ஒட்டிவிட்டு
திருடியவள் மாதிரி மாடியேறினேன்.

மூன்றாம் நாள் போனால்
என் வார்த்தையின் வாலில்
நீல மையில் இரண்டு எழுத்து
சேர்த்திருந்தார்கள்.
இயந்திரத்துக்கு
நான் கொடுக்காமல் விட்ட வேற்றுமை.
காதுவரை எரிந்தது.
யாராக இருக்கும் என்று
மாடிப்படியில் எதிர்ப்பட்ட எல்லார் சட்டைப்பையிலும்
நீலப் பேனா தேடினேன்.

அதற்குக் கீழே கறுப்பு மையில் இன்னொன்று இருந்ததை
அடுத்த சனிக்கிழமைதான் படித்தேன்:
குழாய் மாற்றியாச்சு. நன்றி.

நீலமும் கறுப்பும் ஒரே கையா, தெரியாது.
துணிக்கூடையை இறக்கி வைத்தபோது
தரை காய்ந்திருந்தது.

மாணவி காத்திருக்கிறாள்.
ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே
காலி இடத்தை வட்டமிட்டேன்.
"ஏதாவது ஓர் எண்" என்றாள்.
காலையில் கேட்டிருந்தால் முப்பது,
அந்தச் சனிக்கிழமை கேட்டிருந்தால் தொண்ணூறு,
எந்த நாளை வட்டமிடுவது?

தாளின் அடியில்
"வேறு கருத்துகள்" என்று இரண்டு வரி விட்டிருந்தது.
இயந்திரத்தில் தொடங்கினேன்,
அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து.
இடம் போதவில்லை.
தாளைத் திருப்பிக்கொண்டேன்.
ஒராவன் கோட்டை மாட்டிக்கொண்டு
கதவருகே நிற்கிறாள்,
பஸ் போய்விடும் என்கிறாள்.