திரும்பும் நேரம்

வியாழன் இரவு, சோஹாரில் எங்கள் அறை.
மேசையின் எண்ணெய்க் கறையை மூடி
விரிகிறது வரைபடம்.
சுருண்டெழும் முனைக்கு ஊறுகாய்ப் புட்டி.
காதர் ஒலி விரல் வைக்கிறான்:
இதுவரை வண்டி,
இதற்கப்பால் கால்,
மூன்றாவது அருவிக்குக் காலும் உதவாது,
நீந்த வேண்டும்.

புட்டியில் சாய்த்த கைபேசிக்குள்
ஜெரால்டின் நிமிர்கிறாள்.
ருஸ்தாக் மருத்துவமனை, அவசரப் பிரிவு.
வெள்ளத்தில் எடுத்தவர்களை
ஈரத் துணியோடு வாங்குகிறவள்.
"வந்த எல்லாருக்கும் நீச்சல் தெரிந்திருந்தது"
என்கிறாள், தேநீரை ஊதிக்கொண்டே.

நான் பாதுகாப்பு அலுவலர்.
அடுத்தவன் இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று
பார்த்துப் பார்த்தே ஆறு வருடச் சம்பளம்.
படிவம் நிரப்பாமல் ஒரு நாளாவது
எங்கேயாவது போகலாம் என்றுதான்
இந்தப் பேச்சையே எடுத்தேன்.
இப்போது பாருங்கள்,
அளவுகோல் வைத்துக் கட்டம் போடுகிறேன்.

ஆளுக்கு ஆறு லிட்டர் என்று எழுதினால்
ஒலி சிரிக்கிறான்:
தண்ணீரைப் பார்க்கப் போகிறவன்
தண்ணீரைச் சுமப்பானா?
எழுதுடா, என்கிறது கைபேசி.

நம் மொழியில் வாதி என்றால் வழக்குப் போட்டவன்.
இங்கே வாதி என்றால் காய்ந்த ஆறு.
பெரிய வித்தியாசம் இல்லை.
தன் இடத்தைக் கேட்டு
ஒரு நாள் வந்து நிற்கும்.
நம் தலைக்கு மேல் வானம் துவைத்து உலர்த்தியதுபோல் இருக்கும்.
மலைக்கு அந்தப் பக்கம்
யாரோ ஓர் ஆட்டுக்காரர் நனைவார்.
அவரை நனைத்த தண்ணீர்
ஹாரன் அடிக்காமல் நம்மிடம் வரும்.

போன மாதம் முகப்பு வரை போய்ப் பார்த்தேன்.
இரண்டு ஆள் உயரத்தில்
பாறை இடுக்கில் ஒரு போர்வை.
பேரீச்சந்தோட்டத்து சைஃப்
"அது போன வருஷத்துது" என்றார்.
பிறகு கைத்தடியை இன்னும் மேலே நீட்டினார்.
அங்கே ஒரு கார்க் கதவு.

அதனால் எழுதினேன்:
மதியம் ஒரு மணி. எங்கே இருந்தாலும் திரும்புவது.
அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும்.
கை எட்டும் தூரத்தில் இருந்தாலும்.
ஒலி வாயைத் திறந்தான், மூடினான்.

"எனக்கு என்ன வேலை?"
வெள்ளியும் ஓவர்டைம் பார்க்கும் இன்பசேகரன்,
சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.
கடைசிக் கட்டம் உனக்குத்தான், என்றேன்.
மாலை ஆறுக்கு எங்களை அழை.
எடுக்காவிட்டால் அரை மணி பொறு.
அப்புறம் ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது.
இடத்தின் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தான்.
அரபியில் ஒரு முறை.
கேஸ் சிலிண்டர்க்காரன் நம்பருக்குப் பக்கத்தில்
ஃபிரிட்ஜில் ஒட்டினான் தாளை.
"ஐந்தே முக்காலுக்கே அழைக்கட்டுமா?"
ஆறு, என்றேன்.

விடிகாலை நாலு.
பைகள் ஏறிவிட்டன, கயிறு ஏறிவிட்டது,
ஒலி சாவியைத் திருகிவிட்டான்.
தெற்கே மலைமுதுகில்
சத்தமே இல்லாமல் ஒரு மின்னல்.
இன்னொன்று.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
பிறகு ஒலி இறங்கி
பின்கதவைத் திறந்து
பாட்டில்களை இரண்டிரண்டாக இறக்கினான்.

பல் துலக்கிக்கொண்டிருந்த இன்பசேகரன்
நுரையோடு எட்டிப் பார்த்தான்:
"சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துட்டீங்க."
ஜெரால்டினுக்குச் செய்தி போட்டேன்.
சரி, டூட்டிக்கே போகிறேன் என்றாள்.

பகல் முழுக்கச் சோஹாரில் வெயில்.
துணி காய்ந்தது.
ஒலி எரிச்சலில் மீன் வறுத்தான், கருக்கினான்.
முட்டாள்களாகிவிட்டோமோ என்று
நாலைந்து முறை ஜன்னலுக்குப் போனேன்.

சாயங்காலம் ருஸ்தாக்குக்கு அழைத்தேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
வார்டில் வேலை அதிகம்போல.

சரியாக ஆறுக்கு
என் கைபேசியில் இன்பசேகரன்.
பின்னால் ஆலைப் பேருந்தின் இரைச்சல்.
"கரையில இருக்கீங்களா?"
இருக்கோம்.
"ரெண்டு பேருமா?"
ரெண்டு பேரும்.
"சரி" என்றான். வைக்கவில்லை.
"தாள்ல டிக் போட்டுடு."