குளோரின் கணக்கு

தேவனாம்பட்டினம் புயல் பாதுகாப்பு மைய மாடியில்
காற்றை உறிஞ்சும் பெட்டி ஒன்று ஓடுகிறது.
வியாழக்கிழமைகளில் அதன் வடிதாளை மாற்றுவது என் வேலை.
இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.
என் விரலிலும் உப்பு உண்டு,
கணக்கில் சேர்ந்துவிடும்.

கீழே நெத்திலி காயப்போடும் கோமளவல்லி
ஒவ்வொரு முறையும் கேட்பாள்:
"இன்னிக்கு எவ்ளோ பாடு?"
நாப்பது மில்லிகிராம் உப்பு என்பேன்.
"அத எவன் ஏலம் கேப்பான்."

அலை உடையும்போது காற்றை விழுங்குகிறது.
விழுங்கியது உள்ளே தங்குவதில்லை.
குமிழிகளாய் ஏறுகிறது, ஏறும் வழியில்
செத்த நுண்பாசியின் கொழுப்பு, மீன்சளி,
யாரும் பெயர் வைக்காத பிசுக்கு
எல்லாவற்றையும் மேலே அப்பிக்கொண்டு.
நீர்மட்டத்துக்கு வந்து கொஞ்சம் நிற்கும்.
தோல் வடிந்து மெலியும்,
இன்னும் மெலியும்,
பட்.

தோல் சிதறிய தூள் கண்ணுக்குப் படாது.
அதில் பிசுக்கு மிகுதி, உப்பு சொற்பம்.
பிறகு அந்தக் குழி கூடி மூட, நடுவிலிருந்து
ஊசிபோல் ஒரு தாரை எம்பி
நாலைந்து துளிகளை எறியும்.
அவை உப்புக் கனத்தவை, தூரம் போகாதவை,
வாசலில் நிற்கும் என் ஸ்கூட்டியைத் தின்பவை.
சின்னவை போகும்.
வங்கக்கடல் மேல் எங்கோ
ஈரம் ஒட்ட ஒரு பிடி தேடும்போது
அங்கே இருக்கும்.

முதுநகர் ரயில்வே கேட்டருகே
கண்ணீர் அஞ்சலிப் பலகை ஒன்று.
"நீர்க்குமிழி வாழ்வில் நீங்காத நினைவு."
சபாரி சட்டையில் சிரிப்பவர் புருஷோத்தமன்,
துறைமுகத்தில் எடை போட்டவராம்.
கேட் திறக்கும்வரை படித்தேன்.
எழுதியவர் உடைவதோடு நிறுத்திவிட்டார்.

ஆய்வகத்தில் தாளை நீரில் ஊறவைத்து
சோடியம் எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று பார்ப்போம்.
கடலுக்கு அதில் ஒரு சொல் உண்டு:
ஒன்றுக்கு ஒன்று புள்ளி எட்டு.
கிழக்கே இருந்து காற்று வரும் நாளில்
சொன்ன சொல் தவறாது.
தெற்கே புகைபோக்கிகள் பக்கம் அது திரும்பினால்
துளியின் மேல் அமிலம் வந்து குந்தும்,
சோடியத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு
குளோரினைக் கிளப்பிவிடும்.
கிளம்பியது வாயு. என் தாளில் ஒட்டாது.
எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

இந்த வாரம் ஒன்று புள்ளி ஒன்று.
"மறுபடி ஓட்டிப் பாருங்க மேடம்" என்றார் மகபூப் சார்.
ஓட்டினேன்.
ஒன்று புள்ளி ஒன்று.

அடுத்த தாளோடு மாடி ஏறப்போகையில்
கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள்
பாடு கேட்கவில்லை.
உதட்டை ஒருதரம் நாக்கால் துழாவி,
"ஒரு வாரமா காத்து கரிக்கவேயில்ல, கவனிச்சியா"
என்றாள்,
ஈ விரட்டிக்கொண்டே.