இடது சின்னவிரல்

நாளைக்குத் தேர்தல்.
ஏழாம் வகுப்பு மேசைகளை இணைத்துப்
படுக்கை போட்டாயிற்று.
கரும்பலகையில் அழியாமல் நிற்கிறது
எந்தப் பிள்ளையோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு.
பெட்டி, அரக்கு, நூல், முத்திரை,
மைப்போத்தல் இரண்டு,
எண்ணிக் கையொப்பம் வைத்தேன்.
நுளம்புத்திரி புகைகிறது.

தர்மினி ஃபோனை என் பக்கம் திருப்பினாள்.
"அக்கா, இஞ்சை பாருங்கோ,
இந்த நாட்டிலையும் சனாதிபதித் தேர்தலாம்."
நாட்டின் பெயர் எனக்கு வாயில் நிற்கவில்லை.
பெரிய நாடொன்றிலிருந்து கழன்று
முப்பது வருசமாய்த்
தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருக்கிற
துண்டு நிலம்.
கொடி உண்டு. காசு உண்டு. தபால்முத்திரையும் உண்டு;
அதை ஒட்டிய கடிதம் எல்லையைத் தாண்டினால்
வெறும் கடதாசி.
புழுதியில் பெண்களின் வரிசை,
வரிசைக்குள் இரண்டு ஆடு.

"இப்ப இருக்கிறவர் தோற்கக்கூடுமாம்.
தோற்றால் இறங்கிப் போவாராம்."

இறங்கிப் போவாராம் என்றதும்
கான்ஸ்டபிள் வீரக்கோனும் நிமிர்ந்தார்.
"அது எங்க மிஸ்? மெப்ல இருக்கா?"
தர்மினி தேடிக் கொடுத்தாள்.
இருந்தது,
புள்ளிக்கோட்டுக்குள்.
அவர் அந்தப் புள்ளிகளைக் கனநேரம் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
பிறகு மூன்று பேரும்
சாப்பாட்டுப் பார்சல் இன்னும் வராததைப் பற்றிக் கதைத்தோம்.

அது வேறொரு நவம்பர்.
இதே கரவெட்டி, வேறு பள்ளிக்கூடம்.
கடைசிக் கதிரையில் நான்; மை பூசுவது என் வேலை.
ஒருவரும் போகவேண்டாம் என்று
மதில்களில் துண்டுப்பிரசுரம்.
இடாப்பில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
ஏழு மணி. எட்டு. பத்து.
ஒரு நாய் வாசல்வரை வந்து
எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.
மத்தியானம் மழை இருட்டியது.

மூன்று நாற்பதுக்கு
குடையை மடக்காமலே ஒருத்தி உள்ளே வந்தாள்.
பெயரை உரத்து வாசிக்கவேண்டும், அது சட்டம்.
வாசித்தவரின் குரல் பாதியில் இறங்கிற்று.
இடது கையை நீட்டினாள். குளிர்ந்திருந்தது.
"கனக்கப் பூசாதேங்கோ."
அவ்வளவுதான் கதைத்தாள்.
மடித்த தாள் மரப்பெட்டியின் அடியில்
தட்டின சத்தம் கேட்டது.
அதற்கு முன்னும் பின்னும்
ஒரு வாக்கு விழுகிற சத்தத்தை நான் கேட்டதில்லை.

நாலு மணிக்கு அரக்கு வைக்கும்போதுதான்
எனக்கு உறைத்தது:
ஒரே வாக்கு இருக்கிற பெட்டியில்
இரகசியம் இல்லை.
"மற்றப் பெட்டிகளோடை கலந்துதானே எண்ணுவினம்"
என்றார் பொறுப்பதிகாரி.
மற்றப் பெட்டிகளில் என்ன இருக்கப்போகிறது என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை நெல்லியடிச் சந்தை.
மரவள்ளிக்கிழங்கைத் தெரிந்தெடுக்கிறாள்,
சின்னவிரலில் பிளாஸ்ரர்.
"கத்தி வெட்டிப்போட்டுது."
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
"கவனம்" என்றேன்.
நகத்தடி மை மேலேறி வெட்டுப்பட்டு விழ
மூன்று மாதம் எடுக்கும்.
மூன்று மாதமும் அவள் வீட்டுக் கத்தி
அதே விரலைத்தான் வெட்டியிருக்கவேண்டும்.

ஏன் வந்தாள்?
இத்தனை தேர்தலுக்குப் பிறகும்
அதற்கு ஒரு மறுமொழி நான் உண்டாக்கவில்லை.

தர்மினி நித்திரை. ஃபோன் அணையாமல் கிடக்கிறது:
யாரும் ஒப்புக்கொள்ளாத நாட்டில்
ஒரு மனுசி விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள்.
எவ்வளவு கனக்கப் பூசியிருக்கிறார்கள்!
மூட்டுவரைக்கும்.

எழும்பி, ரோச் வெளிச்சத்தில்
நாளைய இடாப்பைப் புரட்டினேன்.
முந்நூற்று நாற்பத்தேழு.
இருக்கிறாள். அதே ஒழுங்கை, அதே வீட்டிலக்கம்.

மைப்போத்தலைக் குலுக்கிப் பார்த்தேன்.
அடியில் கொஞ்சம் உறைந்திருக்கிறது.
விடிய முன்னம்
சுடுதண்ணிக்குள் வைக்கவேண்டும்.