எழுவாய்

கோலகெட்டில், ஏழாங்கட்டைத் தோட்டம்.
பதினோரு நாள் குழாயில் வெறும் காற்று வந்தபோது
நான் எழுதினேன்:
'நிர்வாகம் தண்ணீரை நிறுத்தியது.'
மூன்றே சொல். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.
மூன்றாம் பக்கம், என் பெயரோடு.
பன்னிரண்டாம் நாள் தண்ணீர் லோரி வந்தது.
சன்னாசி நிறைந்த வாளியைத் தலைக்குமேல் தூக்கி
படம் எடு எடு என்றார்.
கேமராவில் பேட்டரி செத்திருந்தது.
சும்மா சொடுக்கினேன்.

பத்திரிகை மடிந்தபோது
எனக்கு நான்கு மாதச் சம்பளப் பாக்கி,
அச்சகத்துக்கு என்னைவிட அதிகம்.

கட்சி இருபத்தைந்தாம் தேதி பிசகாமல் போடுகிறது.
தகவல் பிரிவு இயக்குநர்:
அட்டையில் பொன்னெழுத்து,
விரலால் தடவினால் புடைத்திருக்கும்.
மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.
தலைவர் பேசியதை
அவர் பேசியிருக்க வேண்டியதாக மாற்றுவது என் வேலை.
முன்பும் அதைத்தான் செய்தோம்,
இலவசமாக.

இன்று மறுபடி ஏழாங்கட்டை.
நிலம் கைமாறிவிட்டது.
வாங்கிய நிறுவனத்தின் மேசையில்
எங்கள் துணைத்தலைவருக்கும் ஒரு நாற்காலி.
குழாயில் காற்று.

ஒட்டுக்கடையில் தே ஓ ஆறிக்கொண்டிருக்க
கைப்பேசியில் தட்டினேன்:
'நீர் விநியோகத்தில் தடங்கல் ஏற்பட்டுள்ளது.
விவகாரம் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.'
சந்திப் பிழை இல்லை.
ஆளும் இல்லை.
ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்,
நன்றாகத்தான் இருந்தது.
அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் யுகனேஸ்வரி. மாவட்ட நிருபர்.
அவள் மோட்டார் அணைக்கப்படாமல் உறுமுவது கேட்கிறது.
'அண்ணே, அறிக்கை கெடச்சிச்சி.
ஏற்பட்டுள்ளதுன்னா... தானாவா ஏற்பட்டுச்சி?'
'அவ்ளோதாம்மா அறிக்கை.'
'யாரு கவனத்துல எடுத்தாங்க?'
'அவ்ளோதாம்மா.'
'சரிண்ணே. அப்ப உங்க பேர்லயே போட்டுடறேன்.
நீங்க கூறினீங்கன்னு.'

வைத்துவிட்டாள்.
நாளைய செய்தியில் எழுவாய் இருக்கும்.

காசு கொடுக்க எழுந்தபோது
சாலையில் சன்னாசி.
மோட்டாரின் இருபக்கமும் நீலத் தோங்கு கட்டி
பள்ளிவாசல் குழாய்க்குப் போகிறவர்
என்னைப் பார்த்ததும் வேகம் குறைத்தார்.
முன்பற்கள் போய்விட்டன, சிரிப்பு போகவில்லை.
'எழுதிட்டியா?' என்று கத்தினார்.

எழுதிட்டேன் என்றேன்.
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்,
காலித் தோங்குகள்
ஒன்றோடொன்று மோத.