பணியிடம் என்ற கட்டம்

அல் ரிக்கா சந்தில் சலவைக் கடைக்கும்
சமோசா எண்ணெய்க்கும் நடுவே என் மேசை.
வருகிறவர்கள் முதலில் பெயர் சொல்வதில்லை.
எத்தனை நாள் பாக்கி என்பதைத்தான் சொல்வார்கள்.

ஆகஸ்ட்.
ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
அது முக்கால் நிரம்பினால் மதியத் தொழுகை நேரம்.

மடிக்கணினியைத் திறந்தபடியே உள்ளே வந்தாள்.
அதற்குள் யாரோ ஜெர்மன் கலந்த ஆங்கிலத்தில்
எதையோ மறுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு விரலால் அவர்களை ஊமையாக்கிவிட்டு
"இருபத்தொரு நாள், அண்ணா" என்றாள்.

பாஸ்போர்ட்டில் தில்லைக்கரசி.
குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா வேலாயுதம்.
ஹாம்பர்க் கம்பெனி நான்கு வருடமாக
அவளை வேலாயுதம் என்றே கூப்பிடுகிறதாம்.
அவளும் திரும்பிப் பார்க்கிறாளாம்.

இருக்கிற வழிகளைச் சொன்னேன்.
சுற்றுலா விசாவை நீட்டலாம், காசு போகும்.
பேருந்தில் மஸ்கட் போய்த் திரும்பலாம், முதுகு போகும்.
கல்யாணம் என்று ஒன்று ஆனால் அவர் கணக்கில்...
அவள் பார்த்த பார்வையில்
அந்த வாக்கியத்தை அழித்துவிட்டேன்.
தங்க விசா இருக்கிறது, அதற்குப் பெயரே போதும்.
அப்புறம் இது:
வெளியூர்க் கம்பெனிக்கு இங்கே உட்கார்ந்து
வேலை பார்ப்பவர்களுக்கு, ஒரு வருடம்.
சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு, காப்பீடு,
வெள்ளைச் சுவர் முன்னால் சிரிக்காத முகம்.

"பாலியில இருந்தேன், மழை வந்தா நெட் போயிடும்.
லிஸ்பன்ல வரிசை நகரவே இல்ல.
இங்கதான் ஹாம்பர்க்கோட காலையும்
என் தூக்கமும் சண்டை போடாம இருக்கு."

அடித்துக்கொண்டே போனவன்
பணியிடம் என்ற கட்டத்தில் நின்றேன்.
"என்ன போடட்டும்?"
"ஹாம்பர்க்? நான் போனதே இல்லையே.
என் ஸ்டுடியோவோட சமையல் மேடை?
அங்கதான் பிளக் இருக்கு."
அவள் கணக்குப் பார்க்கும் கன்டெய்னர்கள்
ஜெபல் அலியில்தான் இறங்குகின்றன,
முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.
ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

"உங்க விசா என்ன அண்ணா?"

தச்சர்.
முதலாளியிடம் அன்றைக்கு மிச்சமிருந்த இடம்
அது ஒன்றுதான்.
பதினோரு வருடமாக
என் அட்டை உளி பிடிக்கிறது, நான் கீபோர்டு.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
ரத்தம் கொடுத்து, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து
தச்சனாகவே தேறுகிறேன்.

அவள் சிரிக்கவில்லை.
உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு ஆட்டு ஆட்டினாள்.
ஒரு கால் குட்டை.
"அப்ப இது?"

பதில் இல்லாததால் அரபிப் பக்கத்துக்குப் போனேன்.
அங்கே அதற்குச் சொல் இருந்தது, இரண்டே சொல்.
தூரத்திலிருந்து.
வலமிருந்து இடமாக அடிக்கும்போது
கை சற்று மெதுவாயிற்று.
மகளின் வகுத்தல் கணக்கைத்
தினமும் ராத்திரி பத்து மணிக்கு
போனில் திருத்துகிறேன்.
மீதியை எங்கே எழுதுவது என்று அவள் கேட்பாள்.
அந்த வேலையும் தூரத்திலிருந்துதான்.
அதற்கு எந்த நாடும்
இதுவரை படிவம் போடவில்லை.

முதல் பிரதியில் தில்லைக்கரசியின் ஒரு எழுத்து
விழுந்துவிட்டது. இன்னொன்று எடுத்தோம்.
கட்டணம் கொடுத்தாள், ரசீது வாங்கினாள்,
ஊமையாயிருந்தவர்களுக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
"எஸ், வேலாயுதம் ஹியர்" என்றபடி
வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.

வாளி வழிந்துகொண்டிருந்தது.
அதை அப்படியே விட்டுவிட்டு
கெட்டுப்போன பிரதியை நான்காக, எட்டாக மடித்து
நாற்காலியின் குட்டைக் காலுக்குக் கீழே சொருகினேன்.
உட்கார்ந்து பார்த்தேன். ஆடவில்லை.
இந்த நாட்டில்
சட்டப்படி நான் செய்த முதல் வேலை.

கதவு திறந்தது.
"ஒன்பது நாள்" என்றார் வந்தவர்.
உட்காருங்கள் என்றேன்,
இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே.